வயிற்றை மறைத்துக்கொண்டு வடக்குப்பட்டுக்கு

என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பெரிய ற வரவேண்டிய இடத்தில் சின்ன ர வந்திருக்கும். வரிகள் மேலே ஏறியும் கீழே இறங்கியும் போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டு வருடமாகச் செய்யாற்றில் மாவு மிஷின் ஓட்டுகிறேன். அங்கே எனக்கு உள்ள எழுத்து வேலை, அரைக்க வந்த டப்பாக்களின் மேல் சாக்பீசால் பெயர் எழுதுவது மட்டும்தான்.

காசிக்கும் காஷ்மீருக்கும் போனவர்கள் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். நான் போனது செய்யாற்றிலிருந்து ஒரகடம் பக்கத்தில் உள்ள வடக்குப்பட்டு வரை. போக எண்பது கிலோமீட்டர், வர எண்பது கிலோமீட்டர். அந்த ஊரில் பார்க்க வேண்டிய கோபுரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இருந்தும் எழுதுகிறேன். என் மாதிரி வயிறு உள்ளவர்கள் நாட்டில் இன்னும் பல பேர் இருப்பார்கள். அவர்கள் யாரும் வாய் திறப்பதில்லை. நானும் அன்றைக்குத்தான் திறந்தேன்.

எனக்குப் பருப்பும் பயறும் ஒத்துக்கொள்ளாது. கொண்டைக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு, பட்டாணி, எதைத் தின்றாலும் ஒரு மணி நேரத்தில் வயிறு மத்தளமாக உப்பிக்கொள்ளும். பிறகு வலி. பிறகு ஓட வேண்டும். கோதுமையும் அப்படித்தான். நாள் முழுவதும் நான் அரைப்பது இதையெல்லாம்தான் என்பதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. ஒரு டாக்டர் எல்லாம் மனப்பிரமை என்றார். கால் உடைந்தவன் கட்டைக் காட்டலாம். வயிறு உப்பினவன் எதைக் காட்டுவான்?

என் மகள் மல்லிகாவுக்கும் இதே வயிறு. என் அளவுக்கு மோசமில்லை, ஆனால் அதே வயிறுதான். வீட்டில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை. குழைய வடித்த சோறு, மிளகும் சீரகமும் நுணுக்கிப் போட்ட ரசம், மோர், புடலை, பூசணி என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஓடுகிறது. பருப்பு வேண்டுமென்றால் வாரத்தில் ஒரு நாள் பாசிப்பருப்பு. அதையும் லேசாக வறுத்து, ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேகும்போது மேலே வரும் நுரையை வழித்து எறிந்து, பெருங்காயமும் இஞ்சியும் போட்டு என் மனைவி கொடுப்பாள். மற்றவர்களுக்கு வழக்கம் போல் சாம்பார். ஒரே அடுப்பில் பெரிய பாத்திரம் ஒன்று, பக்கத்தில் சின்னப் பாத்திரம் ஒன்று. அவ்வளவுதான்.

மல்லிகாவுக்கு இருபத்திரண்டு வயது. கார்த்திகை மாதம் வடக்குப்பட்டிலிருந்து ஒரு பையன் வந்து பார்த்துவிட்டுப் போனான். பெயர் குமரவேல். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மோட்டார் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறான். அவனுக்குப் பிடித்திருந்தது. மல்லிகாவுக்கும் பிடித்திருந்தது, வாயால் சொல்லவில்லை, இரண்டு நாள் பாட்டு முணுமுணுத்தாள். தை பிறந்ததும் நாங்கள் போய் அவர்கள் வீட்டைப் பார்த்துவர வேண்டும் என்று ஏற்பாடு.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் என் மனைவியின் அண்ணன் ஏகாம்பரம் கூட வந்தார். அவருக்குப் பேச்சு மட்டும்தான் வரும். புறப்படுவதற்கு முதல் நாளே எனக்கு உத்தரவு போட்டுவிட்டார். வயிறு கியிறு என்று அங்கே வாயைத் திறக்கக் கூடாது. அப்பனுக்கு இருந்தால் பொண்ணுக்கும் இருக்கும் என்று கணக்குப் போடுவார்கள், சம்பந்தம் போய்விடும். போட்டதைத் தின்றுவிட்டு வா என்றார். கணக்கு எனக்கும் சரியாகத்தான் பட்டது.

1991 பிப்ரவரி 7, வியாழக்கிழமை. காலை ஐந்தே காலுக்குச் செய்யாற்றில் பஸ் ஏறினோம். காஞ்சிபுரம் முப்பது கிலோமீட்டர், டிக்கெட் மூன்றே கால் ரூபாய். பஸ்ஸில் எல்லாரும் வளைகுடாப் போரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் சட்டைப் பையில் ஓமமும் உப்பும் பொட்டலமாக வைத்திருந்தேன். ஏகாம்பரம் அதைப் பார்த்துவிட்டு, வடக்குப்பட்டு எல்லை வந்ததும் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்றார்.

காஞ்சிபுரத்தில் ஆறரைக்கு மெட்ராஸ் பஸ் கிடைத்தது. சுங்குவார்சத்திரம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் முப்பத்தைந்து கிலோமீட்டர், மூன்றே முக்கால் ரூபாய். ஏழே முக்காலுக்கு இறங்கினோம். எதிர்ப்புறம் கம்பெனி பஸ்கள் இரண்டு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தன. ஒரே மாதிரி நீலச் சட்டை போட்ட பையன்கள், கையில் சாப்பாட்டு டப்பா இல்லாமல் ஏறினார்கள். உள்ளே கேண்டீன் உண்டாம்.

வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்று ஏகாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலுக்கு இழுத்துக்கொண்டு போனார். இரண்டு இட்லி மட்டும் போதும், தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் மோர் கிடைக்குமா என்று கேட்க நினைத்தேன். சப்ளையரைக் கூப்பிட எனக்குக் குரல் எழும்பவில்லை. அதற்குள் அவன் வந்து இட்லியை வைத்தான். சாம்பாரை ஊற்றாதே என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் இட்லி முழுகும் அளவுக்கு ஊற்றிவிட்டான்.

இது என்ன பழக்கம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சட்னி வேண்டுமா என்று கேட்கிறார்கள். காப்பிக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கேட்கிறார்கள். சாம்பாரை மட்டும் யாரும் கேட்பதில்லை. அது ஏதோ மழை மாதிரி, எல்லார் மேலும் பெய்தே தீரும். அதிலும் அந்தச் சாம்பாரின் வாசனையே எனக்குச் சொல்லிவிட்டது. பழைய துவரை. வருடக் கணக்கில் மூட்டையில் கிடந்து இறுகின பருப்பு எத்தனை விறகு எரித்தாலும் வேகாது. அதனால் சோடா உப்பை அள்ளிப் போட்டு மசிய வைக்கிறார்கள். மிஷினில் தினமும் பருப்பை முகர்கிறவன் நான், என்னை ஏமாற்ற முடியாது. ஊற வைக்க ஒரு பாத்திரமும் ஒரு இரவும் இல்லாத அளவுக்கா ஒரு ஓட்டல்காரன் ஏழையாகப் போய்விட்டான்?

திருப்பிக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஏகாம்பரம் ஒரு வடையையும் என் இலையில் வைத்து, "இத்த ஒண்ணத் துன்னு காட்டு மாப்ளே, அங்க போயி துன்றதுக்கு ஒரு ரிகர்சல்" என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். வெட்கத்தில் தின்றேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்பது ரூபாய்.

ஒன்பதரைக்கு ஒரகடம் பஸ், ஒன்றரை ரூபாய், பன்னிரண்டு கிலோமீட்டர். அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரும் நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். இடது பக்கம் ஏரி, வலது பக்கம் அறுத்து முடித்த வயல், நடுநடுவே புதிதாகக் கட்டின சுவர்கள். சுவருக்குள் ஒன்றும் இல்லை. கம்பெனி வரப்போகிறதாம். வேறு சமயமாக இருந்தால் நன்றாகப் பார்த்து எழுதியிருப்பேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் உயிர் ஒரு தடவை போய் வந்தது.

ஒரகடம் கூட்டு ரோட்டில் இறங்கியதும் நான் ஏகாம்பரத்துக்குக் கூடச் சொல்லாமல் நடையைக் கட்டினேன். அங்கே பஸ் நிற்கும் இடம் உண்டு, டீக்கடை இரண்டு உண்டு, சைக்கிள் கடை உண்டு. கக்கூஸ் கிடையாது. பாதிக் கட்டின ஒரு சுவருக்குப் பின்னால் போனேன். எங்கிருந்தோ ஒரு வாட்ச்மேன் தடியோடு வந்தார்.

"யோவ், இது கம்பெனி எடம். இங்கல்லாம் குந்தக் கூடாது, எய்ந்துரு."

என்னால் எழ முடியாது என்பது அவருக்கே தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் முடித்து, குட்டையில் கை கால் கழுவிக்கொண்டு வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது. ஆனால் என் கோபம் இறங்கவில்லை. ஊரைச் சுற்றி ஏழடிச் சுவர் எழுப்பத் தெரிந்தவர்களுக்கு, நூறு பேர் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் நாலு செங்கல் வைத்து ஒரு மறைவு கட்டத் தோன்றவில்லை. அந்த நூறு பேரில் ஒருவன் வயிறு கூடவா கெடாது?

ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டு நாலு கிலோமீட்டர் என்றார்கள். நடந்தோம். நான் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே கால்.

ஓட்டு வீடு, சுத்தமாக இருந்தது. வாசலில் வேப்பமரம், மாட்டுக் கொட்டகைக்குப் புதுத் தகரம். குமரவேலின் அப்பா கன்னியப்பன் ஒன்றரை ஏக்கர் பயிர் வைக்கிறவர், என்னை மாதிரியே அதிகம் பேசாதவர். அம்மா பச்சையம்மாள் பேச்சிலும் நடையிலும் வேகம். குமரவேலுக்கு முதல் ஷிப்டாம், இரண்டு மணிக்கு முடியும், லீவு கேட்டதற்குச் சூப்பர்வைசர் கொடுக்கவில்லையாம். கம்பெனி வேன் சேரப்பணஞ்சேரி வழியாக வந்து இறக்கிவிடும், மூன்று மணிக்கு வந்துவிடுவான் என்றார்கள். ஏகாம்பரம் வந்து உட்கார்ந்த ஐந்தாம் நிமிடம் சம்பந்தி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் குடித்தோம். காப்பி குடித்தோம்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பொண்ணு வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால் தண்ணீர் குடிக்கலாம், காப்பி குடிக்கலாம். இலையில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்தால்தான் சம்மதம் என்று பொருள். அதற்குக் கை நனைப்பது என்று பேர். கை நனைக்காமல் எழுந்து வந்தால் வேண்டாம் என்று பொருள். வாயால் சொல்லக் கூச்சப்படும் எங்களைப் போன்றவர்களுக்காகவே யாரோ ஏற்படுத்தி வைத்தது. கூச்சக்காரன் எனக்கு அதுவே எமனாக வந்தது.

ஒரு மணிக்கு இலை போட்டார்கள். பச்சையம்மாள் பரிமாறப் பரிமாற எனக்கு வேர்த்தது. பருப்பும் நெய்யும். தைமாசத்துப் பச்சை மொச்சையைக் கத்திரிக்காயோடு போட்ட குழம்பு. கொண்டைக்கடலைச் சுண்டல். பருப்பு வடை இரண்டு. கடைசியில் கடலைப்பருப்புப் பாயசம். குறை சொல்லவில்லை. விடியற்காலை எழுந்து மொச்சை உரித்து ஒரு ஆள் செய்த வேலை அது. மணக்க மணக்க இருந்தது. இலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எனக்கென்று ஒரு வாய் மட்டும் இல்லை.

பொண்ணுக்கு அப்பன்தான் முதலில் கை வைக்க வேண்டும். எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள். ஏகாம்பரம் என் தொடையைக் கிள்ளினார். நானும் கையைத் தூக்கினேன், பொய் சொல்லவில்லை. தின்றுவிட்டு வழியில் செத்தாலும் சரி என்றுதான் இருந்தேன். அப்போது அடுப்பங்கரைப் பக்கம் கண் போயிற்று. மொச்சைக் குழம்பு இருந்த பாத்திரம் தெரிந்தது. வாய் அகலமான பெரிய பாத்திரம், நாலு பேருக்கு இரண்டு வேளைக்கு வரும். நான் ஒரு நாள் தின்றுவிட்டுப் போய்விடுவேன். மல்லிகா தினமும் அந்தப் பாத்திரத்திலிருந்துதான் தின்ன வேண்டும். வலித்தாலும் சொல்ல முடியாது, ஏனென்றால் அப்பன் சொல்லாமல் மறைத்துக் கட்டிக்கொடுத்திருப்பான். வெளியே ஒதுங்க ஓடலாம் என்றாலும் அந்தப் பக்கமெல்லாம் கம்பெனிக்காரர்கள் சுவர் எழுப்பிவிட்டார்கள்.

கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னாண்ணா, கை நனைங்க" என்றார் பச்சையம்மாள். நான் அசையாமல் இருந்ததைப் பார்த்து அவர் முகம் மாறியது. "எங்க வூடு புடிக்கலீங்களா?"

ஏகாம்பரம் முந்திக்கொண்டு, அவருக்கு வியாழக்கிழமை விரதம், நான் நனைக்கிறேன், நான் நனைத்தால் அவர் நனைத்த மாதிரிதான் என்று அளந்தார். பச்சையம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். விரதம் என்றால் முன்னாலேயே சொல்லி அனுப்ப மாட்டார்களா, வேண்டாம் என்றால் நேராகச் சொல்லிவிட வேண்டும், எதற்குச் சாமியை இழுக்க வேண்டும் என்றார். அவர் கேட்டது நியாயம்.

"விரதம்லாம் இல்லம்மா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எனக்கு வயிறு சரியில்ல. பருப்பு, பயறு எதுவும் ஒத்துக்காது. இருவது வருசமா இப்படித்தான் கீது. உங்க வூட்ட ஒரு குத்தமும் சொல்லல."

"பச்ச மொச்சைண்ணா, இன்னிக்கிக் காலைல உரிச்சது. ஒரு நாளிக்குத் துன்னா ஒண்ணும் ஆவாது."

இந்த வார்த்தையை இருபது வருடமாகக் கேட்கிறேன். ஒரு நாளைக்குத் தின்றால் ஒன்றும் ஆகாது. யாருக்கு ஆகாது? சொல்கிறவர்களுக்கு ஆகாது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.  பச்சையம்மாள் நான் பயந்த கேள்வியைக் கேட்டார்.

"பொண்ணுக்கு?"

"பொண்ணு கல்லத் துன்னாலும் செரிச்சிக்கும்மா. அது எங்க வூட்டு வயிறு" என்றார் ஏகாம்பரம்.

"இல்லம்மா" என்றேன். "அவளுக்கும் இப்படித்தான்."

கன்னியப்பன் இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.  பச்சையம்மாள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மருமவ வந்தா என் கைக்குக் கொஞ்சம் ஓய்வு கெடைக்கும்னு பார்த்தேன். வர்றவளுக்கு நான் ஒக்காந்து பத்தியச் சோறு ஆக்கணுமா? ஒரே வூட்ல ரெண்டு ஒல வைக்கணுமா?"

"வுடு பச்சையம்மா. மறைக்காம சொன்னாங்க இல்ல" என்றார் கன்னியப்பன்.

"மறைக்கத்தான் பார்த்தாங்க. முடியல."

அது உண்மை. இன்று நினைத்தாலும் காது சுடுகிறது. இலைகளை எடுக்கக் குனிந்தவர், அப்போ நீங்கள் என்னதான் தின்பீர்கள் என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. நான் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். சோறு குழைய இருந்தால் போதும், ரசத்தில் துவரைத் தண்ணீர் வேண்டாம், மிளகு சீரகம் போதும், பாசிப்பருப்பை ஊற வைத்து நுரை எடுத்தால் வாரத்தில் ஒரு நாள் தாங்கும், புளிக்க வைத்த கேழ்வரகுக் கூழ் தாங்கும், களி தாங்காது, பூசணி நல்லது, தனி அடுப்பு வேண்டாம், பெரிய பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாத்திரம் போதும். இவ்வளவு நீளமாக நான் எங்குமே பேசினதில்லை. அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. இலைகளை மடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். கன்னியப்பன் வாசல் வரை வந்து, பையன் வந்ததும் பேசிவிட்டுச் சொல்லி அனுப்புகிறேன் என்றார். சொல்லி அனுப்புகிறேன் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

வழியெல்லாம் ஏகாம்பரம் திட்டிக்கொண்டே வந்தார். தன் இலையில் இருந்த வடையைக்கூட அவரால் தொட முடியவில்லை, அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. "நாலு வாய் துன்னுட்டு இந்த ஏரிக்கரைல வந்து வாந்தி எடுத்திருந்தா இன்னாய்யா? பொண்ணுக்கு ஒரு வாழ்க்கையாவது கெடச்சிருக்கும்."

"நாலு வாய் நான் துன்னுட்டு வந்துடுவேன் மச்சான். அவ தெனம் துன்னணுமே" என்றேன்.

 அவர் கொஞ்ச தூரம் போய், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் ஜாஸ்தி என்றார்.

மூன்றே காலுக்குக் கூட்டு ரோடு வந்து சேர்ந்தோம். ஸ்ரீபெரும்புதூர் பஸ் நாலே காலுக்குத்தான் என்றார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ எழுபத்தைந்து காசு. ஏகாம்பரம் இரண்டு மசால் வடை வாங்கி எனக்கு முதுகு காட்டித் தின்றார். முதல் ஷிப்ட் முடிந்து வந்த மூன்று பேர் எதிரே நின்றிருந்தார்கள். கேண்டீனில் அன்றைக்கும் தட்டைப்பயறு போட்டதாகப் பேசிக்கொண்டார்கள். அதில் ஒருவன் பாதி ஷிப்டிலேயே வயிற்று வலி என்று லைனை விட்டு இறங்கியிருக்கிறான். சூப்பர்வைசர் போகும்போது ஒரு தடவையும் வரும்போது ஒரு தடவையும் கைக்கடிகாரத்தைப் பார்த்தானாம். மற்ற இரண்டு பேரும் அவனைக் கேலி செய்து அவன் தோளில் தட்டிச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இரும்பு மிஷின் சூடானால் நிறுத்தி எண்ணெய் விடுகிறார்கள். நானும் மிஷின்காரன்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். மனுஷன் வயிற்றுக்கு மட்டும் கடிகாரம் பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

நாலு மணி தாண்டி ஐந்து நிமிடம் இருக்கும். வடக்குப்பட்டு ரோட்டிலிருந்து ஒரு சைக்கிள் வேகமாக வந்தது. குமரவேல். கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. ஹேண்டில்பாரில் ஒரு தூக்கு தொங்கியது. இறங்கினான், மூச்சு வாங்கினான், பையிலிருந்து ஒரு துண்டு வாழையிலையை எடுத்து பெஞ்சில் விரித்தான்.

"எங்க வூட்டு வாசலத் தாண்டி பசியோட போனாங்கன்ற பேரு எனக்கு வேணாம்னு அம்மா குடுத்தனுப்பிச்சு. ரசஞ்சோறு. கை கழுவிகினு வாங்க மாமா."

கார்த்திகை மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவன் என்னை அய்யா என்று கூப்பிட்டான். இன்றைக்கு மாமா. நான் டீக்கடைத் தொட்டியில் கை கழுவும்போது வேண்டுமென்றே கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

சோறு குழைந்திருந்தது. ரசத்தில் பருப்பின் சாயலே இல்லை, மிளகும் சீரகமும் தெரிந்தன. நான் சொன்னது ஒவ்வொன்றும் அவர் காதில் விழுந்திருக்கிறது. ஆனால் பச்சையம்மாளின் கோபமும் அதில் இருந்தது, அவ்வளவு காரம். முதல் கவளம் எடுத்தபோது பஸ் வந்துவிட்டது. ஏகாம்பரம் எழுந்து, வா வா என்று கையைக் காட்டிக்கொண்டே ஓடினார். கண்டக்டர் விசில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். நான் சோற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓடினவர் பாதியில் திரும்பிப் பார்த்தார். என் இலையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பிறகு கண்டக்டரிடம் போகச் சொல்லிக் கையசைத்துவிட்டு மெதுவாகத் திரும்பி வந்தார். அடுத்த பஸ் ஐந்தரைக்கு. இருக்கட்டும்.

"எப்படிக் கீதுன்னு கேட்டுகினு வரச் சொன்னாங்க" என்றான் குமரவேல்.

நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து சாம்பாருக்கும் வடைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தவன்தானே நான், இன்னும் ஒரு தடவை மூடிக்கொண்டால் என்ன என்றும் தோன்றியது.

"புளி ஜாஸ்தி" என்றேன். "காரமும் ஜாஸ்தி. அடுத்த தபா கொறைக்கணும்."

ஏகாம்பரம் தலையில் கை வைத்துக்கொண்டார். குமரவேல் கீழே பார்த்தான். சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது.

"அம்மா கோவிச்சுக்கும் மாமா."

"கோவிச்சுக்கட்டும். போய்ச் சொல்லு. வந்து துன்னப் போறது என் பொண்ணு."

தூக்கில் இருந்ததை முழுவதும் தின்றேன். இலையை மடக்கும்போது எந்தப் பக்கம் மடக்குவது என்று ஒரு நிமிடம் யோசித்து, உறவு நிலைக்க வேண்டும் என்று என் பக்கம் பார்த்து மடக்கினேன். ஐந்தரை பஸ் ஐந்து நாற்பதுக்கு வந்தது. குமரவேல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பஸ் திரும்பும் வரை நின்றான். வரும் வழியில் காஞ்சிபுரம் தாண்டின பிறகும் வயிறு பேசாமல் இருந்தது.

எங்கள் வீட்டில் ரசத்துக்குப் புளி நெல்லிக்காய் அளவு போடுவார்கள். வடக்குப்பட்டில் எலுமிச்சம்பழ அளவு. இரண்டு ஊருக்கும் நடுவே எண்பது கிலோமீட்டர் என்று டிக்கெட் சொல்கிறது. நான் பார்த்த வித்தியாசம் இந்தப் புளி அளவுதான்.

பங்குனியில் ஒரு தபால் கார்டு வந்தது. பச்சையம்மாள் சொல்லச் சொல்லக் குமரவேல் எழுதினது. புளியைக் குறைத்துப் பார்த்ததில் வீட்டில் எல்லாருக்கும் அதுவே பிடித்துவிட்டதாகவும், நிச்சயத்துக்கு நாள் பார்த்துச் சொல்லும்படியும், ஆனால் மொச்சைக் காலத்தில் மொச்சை வைப்பதை எந்த மருமகளுக்காகவும் தன்னால் நிறுத்த முடியாது என்றும் எழுதியிருந்தது. மல்லிகா அதைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். எனக்கு வந்தது கோபம். மொச்சையை யார் நிறுத்தச் சொன்னது? பக்கத்தில் ஒரு சின்னப் பாத்திரம் வைக்கத்தான் சொன்னேன். அதை அப்படியே பதில் கார்டில் எழுதிப் போட்டேன். எழுத உட்கார்ந்த கை நிற்காமல் இவ்வளவும் வந்துவிட்டது.

செய்யாறு,
21-4-1991, ஞாயிற்றுக்கிழமை.